ஏழு நாள் நோட்டீஸ்

மேனேஜரின் அழைப்பு வந்தபோது நான் ஒரு பல் டாக்டர் வீட்டு மாடிப்படியில் முட்டி போட்டுக் கார்ப்பெட்டுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். நான் ஆடுகிற தார்ன்பெக் டவுன் கால்பந்து கிளப்புக்கு மேனேஜர் ராய் பிக்கர்ஸ்கில். பகலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவார். பின்னால் பிள்ளைகள் கத்துவது கேட்டது.

“கீரன் ஆஷ்வொர்த், உட்காந்திருக்கியா?”

“முட்டி போட்டிருக்கேன் பாஸ்.”

“அப்படியே இரு. உனக்கு ஏழு நாள் போட்டிருக்காங்க. மார்ஸ்கேட்.”

சுத்தியல் கையிலிருந்து நழுவி நாலு படி உருண்டது. பல் டாக்டரின் மனைவி எட்டிப் பார்த்து, கார்ப்பெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டாள்.

லீக்குக்கு வெளியே ஆடுகிற எங்களுக்கு அந்த ஏழு நாள் என்றால் என்னவென்று தெரியும். பெரிய கிளப் ஒன்று நம்மை விரும்பினால் முதலில் நம் கிளப்புக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஏழு நாள் முடியும்வரை நம்மிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. அது வெறும் நோட்டீஸ்தான், வாக்குறுதி இல்லை. நடுவில் முழங்கால் போனால் ஏழாம் நாள் போன் அடிக்காது, அவ்வளவுதான். எனக்கு இருபத்தைந்து வயது. பதினாறு வயதில் ஒரு பெரிய கிளப்பின் பயிற்சிப் பள்ளி எனக்கு மூன்று வரியில் கடிதம் எழுதி வெளியே அனுப்பியிருந்தது. அப்புறம் ஒன்பது வருடம் நாலு கிளப், சேற்று மைதானங்கள், இருநூறு பேர் பார்க்கிற ஆட்டங்கள். இன்னொரு கதவு திறக்காது என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

நோட்டீஸ் வந்தது புதன்கிழமை. அடுத்த புதன்கிழமை ஏழு நாள் முடியும். நடுவில் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்திருந்தது.

வியாழன் மாலை பயிற்சிக்கு வழக்கம்போல வெஸ்ஸின் வேனில்தான் போனேன். வெஸ் ஹோல்ராய்ட் எங்கள் பின்களத்தின் நடுவில் ஆடுகிறவன். வயது முப்பத்து மூன்று, கூரை வேய்கிற தொழில். மூன்று வருடத்துக்கு முன் என்னைத் தார்ன்பெக்குக்கு இழுத்து வந்ததே அவன்தான். வேன் கூரையில் ஏணிகள் கடகடவென்று அடித்துக்கொள்ளும், அதையும் மீறிக் கத்திப் பேசுவான்.

“என்னடா, பெரிய மனுஷா! இனி எங்க வேன்லல்லாம் ஏறுவியா?”

“இன்னும் ஒண்ணும் ஆகலடா.”

“ஆகும்டா மாப்ள. டீனாகிட்ட சொன்னேன், அவ அழுதுட்டா. எனக்குப் பிரசவத்துல கூட அவ இப்படி அழலடான்னா பாத்துக்கோ.”

“பிரசவம் உனக்கா அவளுக்கா?”

“ரெண்டு பேருக்கும் வலிச்சுது.”

அன்று பயிற்சி முடிந்ததும் பாஸ் என்னைத் தனியே கூப்பிட்டார். “சனிக்கிழமை கோப்பை ஆட்டம். வேணாம்னா சொல்லு, உன்னை உட்கார வைக்கிறேன். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.” நான் வாய் திறப்பதற்குள் வெஸ் குறுக்கே வந்துவிட்டான். “என்ன பாஸ் இது? இவனாவது உட்கார்றதாவது! இவன் அந்த மாதிரி ஆளே இல்ல.” அவன் அப்படிச் சொன்ன பிறகு நான் வேறு என்ன சொல்ல? ஆடுகிறேன் என்றேன். ஆடவேண்டாம் என்று என் வயிறு சொல்லிக்கொண்டே இருந்தது. வயிறு சொன்னதைக் கேட்டிருந்தால் நான் வெறும் கோழையாகப் போயிருப்பேன், அது எவ்வளவோ மேல்.

சனிக்கிழமை காலையிலிருந்து மழை. எங்கள் மைதானம் ஒரு பக்கம் சரிந்தது, தண்ணீரெல்லாம் ரயில் பாதைப் பக்கம் போய்த் தேங்கும். எழுபதாவது நிமிடம் அந்தச் சேற்றுக்கு நடுவில் பந்து தனியே நின்றது. எதிரணியின் நடுக்கள ஆள் ஒருவன், எருமை மாதிரி உடம்பு, அந்தப் பக்கமிருந்து ஓடி வந்தான். நான் இந்தப் பக்கமிருந்து. இரண்டு பேருக்கும் சமதூரம். ஒன்பது வருடமாக அப்படிப்பட்ட பந்துக்கு நான் யோசித்ததே இல்லை. யோசிக்காமல் பாய்கிறவன் என்பதால்தான் மார்ஸ்கேட் என்னைப் பார்க்கவே வந்தது.

அன்று யோசித்தேன். என் முழங்காலைப் பார்த்தேன். புதன்கிழமையைப் பார்த்தேன். பாயப் போன காலைப் பின்னால் எடுத்துக்கொண்டேன்.

எடுத்த வேகத்தில் நிலை தவறிப் பக்கவாட்டில் விழுந்தேன். எருமை பந்தோடு என்னைத் தாண்டிப் போனான். எனக்குப் பின்னால் இருந்தவன் வெஸ். என் வேலையை அவன் செய்யப் பாய்ந்தான். சத்தம் கேட்டது. ஈரமான பலகை உடைகிற சத்தம். அப்புறம் வெஸ் கத்தவில்லை, மழைதான் கேட்டது. அவன் கையால் சேற்றைப் பிறாண்டிக்கொண்டிருந்தான்.

ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆனது. ஆட்டம் நின்று மறுபடி தொடங்கியது, ஒரு கோலில் தோற்றோம். டிரெஸ்ஸிங் ரூமில் யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. பார்த்தார்களா, பார்க்கவில்லையா? எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. வெஸ்ஸின் வேனை அவன் வீட்டுக்கு நான்தான் ஓட்டிப் போனேன். அந்த வேனில் அதுவரை தனியாக உட்கார்ந்ததில்லை. ஏணிகள் கடகடத்தன, அவற்றை மீறிப் பேச ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குத் திராட்சை வாங்கிக்கொண்டு போனேன். வெஸ்ஸின் காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். முழங்காலுக்குள் இருந்த எல்லாமே அறுந்துவிட்டதாம். அவன் மனைவி டீனா ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

“என்னடா மூஞ்சி? எனக்குத்தானே கால் போச்சு,” என்றான் வெஸ்.

“வெஸ்...”

“ஒண்ணும் பேசாத. புதன்கிழமை போன் வரும். எடு. கிளம்பு. திரும்பிப் பாக்காத. புரியுதா?”

ஒண்ணும் பேசாத என்று அவன் சொன்னதை நான் என் இஷ்டத்துக்கு எடுத்துக்கொண்டேன். அவனுக்குத் தெரியும், தெரிந்தும் மன்னித்துவிட்டான், அதைப் பற்றிப் பேச்செடுக்காதே என்கிறான். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் பேச நினைத்த வார்த்தைகளை விழுங்கிவிட்டு அவன் திராட்சையில் பாதியைத் தின்றுவிட்டு வந்தேன்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போன் வந்தது.

மார்ஸ்கேட் நாட்டின் தெற்குக் கோடியில், கடற்கரையில். எங்கள் ஊரிலிருந்து ஆறு மணி நேரம். கிளப் எனக்குக் கடலைப் பார்த்த ஒரு குடியிருப்பில் அறை கொடுத்தது. முதல் நாள் பயிற்சி முடிந்ததும் என் அழுக்கு உடுப்பைப் பையில் சுருட்டிக்கொண்டு வந்து குளியல் தொட்டியில் துவைத்துக் காயப்போட்டேன். தார்ன்பெக்கில் அவரவர் துணி அவரவர் பாடு. மறுநாள் உடுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பெவர்லி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“நேத்து ஒரு செட் காணோம்னு மெஷினையே பிரிச்சுத் தேடினேன். திருடனா நீ?”

“துவைச்சுட்டேன்மா.”

“துவைச்சியா? அப்ப நான் எதுக்கு இருக்கேன், சோப்புக்குக் காவலா?”

பத்தொன்பது வயதுப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து என் பெயர் ‘கார்ப்பெட்’. கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் எட்டு வயதிலிருந்தே காதில் ஹெட்போனோடும் கையில் கிளப் சாப்பாட்டுத் தட்டோடும் இந்த உலகத்தில் இருந்தவர்கள். என்னிடம் கேட்க அவர்களுக்கு ஒரு கேள்விதான் இருந்தது. நிஜமாகவே கார்ப்பெட் போடுவாயா?

பயிற்சி மதியம் ஒரு மணிக்கு முடிந்துவிடும். அதற்கப்புறம் இருக்கிற பகலை என்ன செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நான் ஐந்து மணிவரை முட்டி போட்டே பழகியவன். அறையின் கார்ப்பெட் இணைப்பில் தூக்கிக்கொண்டு நின்றது, எவனோ அவசரத்தில் போட்டது. ஒரு வாரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கத்தியும் பசையும் வாங்கி முழு அறையையும் பிரித்துத் திரும்பப் போட்டேன். முடித்ததும் கூப்பிட்டுக் காட்ட ஒருவரும் இல்லை. கடலுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

ஆனால் ஆட்டத்தில் நான் மேலே வந்தேன். நவம்பரில் முதல் பதினொருவரில் சேர்ந்தேன், பிறகு வெளியே வரவே இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிற எந்தப் பந்தையும் நான் விட்டுவைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தேன். எதிரியின் காலைப் பற்றியோ என் காலைப் பற்றியோ எனக்குக் கவலையில்லை. உடைந்தால் உடையட்டும் என்றுதான் பாய்ந்தேன், உண்மையைச் சொன்னால் உடைய வேண்டும் என்றே சில நாள் ஆசைப்பட்டேன். உடையவில்லை. பழகாத ஜனங்களுக்கு அது வீரமாகத் தெரிந்தது. ஆறாயிரம் பேர் எனக்கென்று ஒரு பாட்டுக் கட்டினார்கள். ‘காலை எடுக்கவே மாட்டான் எங்க ஆஷ்வொர்த்.’ ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைப் பாடினார்கள். அது காதில் விழுந்த ஒவ்வொரு முறையும் நான் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன்.

உள்ளூர் ஆட்டத்துக்கு எங்களுக்குத் தலைக்கு இரண்டு டிக்கெட் தருவார்கள். என்னுடையதை வெஸ் பெயரில் டிக்கெட் கவுண்டர் ஜன்னலில் வைத்தேன். ஆட்டம் முடிந்ததும் குளிக்கும் முன்னாலேயே போய்க் கேட்பேன். உறை அப்படியே இருக்கும். பதினோரு ஆட்டம், பதினோரு உறை. குறுஞ்செய்தி அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று வரும். போன் செய்தால் டீனா எடுத்து, இப்போதுதான் வெளியே போனான் என்பாள். சரி, மன்னிக்கவில்லை என்று புரிந்துகொண்டேன். அந்த மைதானத்தில் ஆறாயிரம் பேர் இருந்தார்கள், நான் ஆடியது வராத ஒருவனுக்காக.

மார்ச் மாதம் எங்கள் ஆட்டம் வடக்கே, தார்ன்பெக்கிலிருந்து அரைமணி தூரத்தில் வந்தது. ஜெயித்தோம். பஸ்ஸுக்குப் போகும்போது கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் கையெழுத்துக்கு நிற்கிற கும்பலில் ஒரு குரல்.

“டேய் கார்ப்பெட்! எங்க வீட்டு மாடிப்படி பாக்கி இருக்குடா!”

வெஸ். உடம்பு பெருத்திருந்தது. கையில் ஊன்றுகோல் இல்லை, ஆனால் உடம்பின் கனம் முழுக்க ஒரே காலில் இருந்தது. நான் வேலிக்கு ஓடினேன். கட்டிப்பிடிக்க முடியாத உயரம் அந்த வேலி, விரல்களைத்தான் நுழைக்க முடிந்தது.

“ஏன்டா ஒரு தடவை கூட வரல? பதினோரு தடவை டிக்கெட் வெச்சேன்.”

“சனிக்கிழமை வேலைடா. ஓடு விக்கிற கடையில, கவுண்டருக்குப் பின்னாடி. ஏணி ஏற முடியாதுல்ல. ஏற முடிஞ்சவனுக்கு வித்துக்கிட்டு இருக்கேன். இன்னைக்கு லீவு போட்டேன்.”

“போன் எடுக்க மாட்டேங்கிற.”

“அதுவா...” தலையைச் சொறிந்தான். “நீ மைதானத்தப் பத்தியே பேசுவ. எனக்கு வலிக்கும். அவ்வளவுதான்டா, வேற ஒண்ணும் இல்ல.”

வேறு ஒன்றும் இல்லை என்றான். எட்டு மாதமாக நான் சுமந்தது என்ன, அப்படியானால்?

பஸ்ஸில் எல்லோரும் ஏறிவிட்டார்கள். டிரைவர் ஹார்ன் அடித்தார். வெஸ் பக்கத்தில் நின்ற ஒரு கிழவரின் தோளைத் தட்டினான்.

“இவர் எங்க கடைக்கு வர்றவர். தினமும் இவர்கிட்ட சொல்வேன். டிவியில பாக்குறீங்களே அந்த ஆஷ்வொர்த், அவன் பாய வேண்டிய பந்துக்கு நான் பாய்ஞ்சேன். அவன் அன்னைக்கு சேத்துல வழுக்கி விழுந்துட்டான், பாவம். வழுக்காம இருந்திருந்தா அவன் கால்தான் போயிருக்கும், மார்ஸ்கேட்டும் போயிருக்கும். கடவுளாப் பாத்து அவனை வழுக்க வெச்சு என்னை அங்க நிறுத்தினார். சொல்லியிருக்கேன்ல?”

“நூறு தடவை சொல்லிட்ட,” என்றார் கிழவர்.

வெஸ் சிரித்தான். பெருமையாகச் சிரித்தான். மழை நாளில் கவுண்டருக்குப் பின்னால் நின்று அவன் சொல்லிக்கொள்ள அவனிடம் இருந்தது அது ஒன்றுதான். அது எனக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்துதான் சொன்னேன்.

“நான் வழுக்கலடா.”

“என்ன?”

“வழுக்கல. காலை எடுத்துட்டேன். புதன்கிழமைய நினைச்சு எடுத்துட்டேன், வெஸ்.”

கிழவர் வேறு பக்கம் பார்த்தார். வெஸ்ஸின் முகத்தில் சிரிப்பு போக மறந்து கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு அவன் கம்பியிலிருந்து விரல்களை எடுத்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டு விழுந்தால் எனக்குத் தாங்கிக்கொள்ளத் தெரியும். எட்டு மாதமாக அதற்குத்தான் தயாராகியிருந்தேன்.

“வழுக்கிடுச்சுன்னே விட்டிருக்கலாம்ல,” என்றான் மெதுவாக. “எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதானடா. அதையும் ஏன்டா எடுத்த?”

டிரைவர் மறுபடி ஹார்ன் அடித்தார். வெஸ் திரும்பி, கார்கள் நிற்கிற பக்கம் காலை இழுத்துக்கொண்டு நடந்தான். வேலியின் கதவு இருபது அடி தூரத்தில் திறந்தே கிடந்தது, ஓடியிருந்தால் பிடித்திருப்பேன். நான் பஸ்ஸில் ஏறினேன்.