ஏழாவது கிண்ணம்

பிளம்பருக்குக் கனத்த குரல். தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுப் பாடிப் பழகிய குரல். அதனால்தான் பாட்டுக் குழுவில் முப்பது பேர் இருக்க, தனிப்பாட்டு அவருக்கு வந்தது. எண்ணூறு வருஷத்துக்கு முன் ஊர் சுற்றித் திரிந்த மாணவர்கள் லத்தீனில் எழுதிவைத்த குடி, சூது, காதல் கவிதைகளைக் கோத்து இசையமைத்த சேர்ந்திசை அது. இவர் பங்கு, கிண்ணத்துக்கு ஒரு வேண்டுதலாக எட்டுக் கிண்ணம் குடிப்பவனின் பாட்டு.

மாமனாரிடம் மட்டும் பக்திப் பாட்டு என்று புளுகி வைத்திருந்தார். மாமனார் மது வாடை அடித்தாலே அடுத்த தெரு வழியாகப் போகிறவர். பதினைந்து வருஷமாக மருமகனை ‘பிளம்பர்’ என்றே அறிமுகப்படுத்தியவர், இப்போதுதான் நாலு பேரிடம் ‘பாடகர்’ என்று சொல்லத் தொடங்கியிருந்தார். அது போய்விடுமே என்பதுதான் இவர் பயம்.

கச்சேரிக்காகப் பாட்டும் அர்த்தமும் சேர்த்து ஒரு புத்தகம் அச்சடித்தார்கள். அச்சகம் அதை ஓய்வுபெற்ற பிழைதிருத்துநரிடம் கொடுத்துத் தொலைத்தது. அவர்தான் மாமனார். சுத்தமாக இருக்கிறது, ரெண்டே கால்புள்ளிதான் விட்டுப்போயிருந்தது என்றார் அவர். மன்னித்துவிட்டார் என்று மருமகனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“குடிகாரன் பாட்டைக்கூடத் தப்பா எடுத்துக்கல. உங்களுக்குப் பெரிய மனசு மாமா.”

“எந்தக் குடிகாரன்?”

கடைசி வார்த்தையில் தொடங்கிப் பின்னோக்கிப் படிப்பதுதான் மாமனாரின் தொழில்முறை. அர்த்தத்தில் மயங்கினால் பிழை தப்பிவிடுமாம். திருத்திய புத்தகங்களில் ஒன்றின் கதைகூட அவருக்குத் தெரியாது. வலியப் போய் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட மருமகன் தலையில் அடித்துக்கொண்டார். மாமனார் புத்தகத்தை முதன்முறையாக முன்னாலிருந்து படித்தார். அன்றிலிருந்து மருமகன் மறுபடியும் ‘பிளம்பர்’ ஆனார்.

கச்சேரியன்று முதல் வரிசையில் மாமனார். மடியில் புத்தகம், கையில் சிவப்புப் பேனா. ஆறு கிண்ணம் நல்லபடியாகப் போயிற்று. ஏழாவது, குடிகாரன் தன் கஞ்சப்பிசினாறி மாமனார் சீக்கிரம் போய்ச் சேர வேண்டுமென்று குடிப்பது. மருமகன் அதை அப்படியே முழுங்கிவிட்டு எட்டாவதுக்குத் தாவினார்.

மாமனார் எழுந்து நின்றார். பாட்டு நின்றது.

“ஏழாவது விட்டுப்போச்சு மாப்பிள்ளை. நான் பாத்துக் குடுத்த புத்தகம் இது. முழுசாப் பாடுங்க.”

மருமகன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மாமனார் போய்ச் சேர வேண்டுமென்று கூரை அதிரப் பாடினார். முப்பது பேரும் சேர்ந்துகொண்டார்கள். மாமனார் வரிக்கு வரி விரல் வைத்துப் பார்த்து, ஓரத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

பிறகு பக்கத்து இருக்கைக்காரரிடம் அவர் சொன்னது மேடைவரை கேட்டது.

“பாடுறது நம்ம மாப்பிள்ளைதான்.”