லத்தீன் போன ஞாயிறு

1

இந்தக் கதையில் நான் காதால் கேட்டது ஒரே ஒரு சேதி. கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரத்தினம்மா சொன்னது: "மாதா கோயில்ல லத்தீன் போயி தமிழ்ப் பூசை வந்தப்ப எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. ஒரு அம்மா மட்டும் அழுதுச்சு." ஏன் என்று கேட்டேன். தெரியாது என்று சொல்லிவிட்டு அவர் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார். மீதியெல்லாம் என் கற்பனை; இதில் வரும் கோயிலும்தான்.

2

முதல் தொடக்கம்: "1965. சிராங்கூன் ரோட்டில் மழை பிடித்துக்கொண்டு..." [வேண்டாம். சிங்கப்பூர்க் கதை என்றால் மழைதானா?]

இரண்டாவது: அற்புதமேரிக்கு லத்தீன் தெரியாது. அதனால்தான் அவளுக்கு அதைப் பிடித்திருந்தது.

இது இருக்கட்டும்.

3

ரோவல் ரோட்டில் ஒரு மாடியறை. கணவனுக்குத் துறைமுகத்தில் வேலை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் முதல் பிரசவம், பெண் குழந்தை. கோயிலுக்குத் தூக்கிப் போவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. அவசரத்துக்குத் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு அப்போது பூசை கிடையாது. கல்லறைத் தோட்டத்து மந்திரித்த மண்ணில் குழியும் கிடையாது.*

ஞாயிறு பூசையில் சாமியார் பீடத்தைப் பார்த்து நின்று லத்தீனில் முணுமுணுப்பார். சனங்கள் அவரவர் செபமாலையை உருட்டுவார்கள். யாரும் யாரையும் கவனிக்காத அந்த நேரத்தில் அற்புதமேரி மகளோடு பேசினாள்.

"உனக்குத் தம்பி பொறந்திருக்கான்டி. அப்படியே உன் மூக்கு."

"நான் வேலை பாக்கற வெள்ளைக்காரங்க வீட்டுப் பாப்பா நடக்க ஆரம்பிச்சிடுச்சு. நீயும் இந்நேரம்..." [இந்த வாக்கியத்தை அவளும் முடிக்கவில்லை.]

மெல்ல அந்தப் பேச்சுக்குள் கடவுளும் வந்து உட்கார்ந்தார். முதலில் அவரோடு சண்டை. பிறகு, "அவ உங்ககிட்டதானே இருக்கா?" என்ற கேள்வி. பதில் வரவில்லை. வராவிட்டாலும் காத்திருக்கலாம் என்று வருஷங்கள் அவளுக்குக் கற்றுக்கொடுத்தன. அவளுக்குத் தெரிந்த செபம் அதுதான்.

* சட்டம் போட்டவர்களைத் திட்டி இங்கே ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவள் யாரையும் திட்டவில்லை. ஒரு ஞாயிறும் கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லை. எனக்குப் புரியாத இடம் அதுதான்.

4

அப்புறம், அறுபதுகளின் நடுவில், ரோமாபுரி உத்தரவால் பூசைக்குத் தமிழ் வந்தது. அதற்காகவே ஏங்கிக் கிடந்தவர், கோயிலில் வேதம் சொல்லித்தரும் உபதேசியார் அருளானந்தம். அவர் முன்னால் நின்று குரல் கொடுக்க, கோயிலே எதிரொலித்தது. வரிக்கு வரி பதில். அற்புதமேரிக்குப் பேச இடைவெளியே இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அருளானந்தத்தை முதலில் கடுகடுப்பானவராக எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது. பூசை முடிந்து வாசலில் அவளை நிறுத்தியவர், "என்னம்மா, வார்த்தை புரியலையா? போகப் போகப் பழகிடும்லா," என்றார்.

"நல்லாப் புரியுதுண்ணே. அதான் கஷ்டம். இத்தனை வருஷமா அந்த முணுமுணுப்புக்குள்ளதான் எம்பொண்ணுகிட்ட பேசிக்கிட்டிருந்தேன். இனிமே எங்க பேசறது?"

"எந்தப் பொண்ணு?"

சொன்னாள். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு மோட்சம் இல்லை என்ற ஞானோபதேச விடை அவருக்கு மனப்பாடம். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினார்.

"அடுத்த ஞாயிறு வாங்கம்மா," என்றார்.

5

அடுத்த ஞாயிறு, மன்றாட்டு நேரம். திருச்சபைக்காக, நோயாளிகளுக்காக, புதிதாகப் பிறந்த இந்த நாட்டுக்காக அருளானந்தம் வேண்டினார். ஒவ்வொன்றுக்கும் சனங்கள், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றார்கள். கடைசி மன்றாட்டும் முடிந்தது. அவர் தம் இடத்துக்குத் திரும்பவில்லை. அற்புதமேரி இருந்த பக்கம் பார்த்தபடி அப்படியே நின்றார். யாரோ இருமினார்கள். சாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

அற்புதமேரி எழுந்தாள்.

"எம் மகளுக்காக," என்றாள். பிறகு அந்தப் பெயரைச் சொன்னாள். கோயிலுக்குள் முதல் தடவையாக, எல்லாருக்கும் கேட்கும்படி.

[பெயரை நான் எழுத மாட்டேன். அது அவள் வைத்தது.]

இதற்குப் பிறகு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அருளானந்தம் மட்டும் பதில் சொல்கிறார். இன்னொன்றில் யாருமே வாய் திறக்கவில்லை, அவள் உட்கார்ந்துவிடுகிறாள். மூன்றாவதில் கோயில் முழுக்க... அதை எழுதும்போது எனக்கே அழுகை வந்தது, அதனால் நம்பவில்லை. மூன்றையும் கிழித்துப் போட்டேன்.

அவள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். நீங்களும் அங்கே ஒரு பெஞ்சில்தான் இருக்கிறீர்கள். சொல்ல வேண்டிய வார்த்தை உங்களுக்குத் தெரியும்.