பஞ்சர் ஒட்டிய சிகரெட்

மலர்விழியின் மேஜையில் லாரி டிரைவர்கள் பிடித்துப்போட்ட சிகரெட் துண்டுகள் நாற்பது கிடந்தன. முப்பத்திரண்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. எந்தப் புண்ணியவான் பார்த்த வேலை இது என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் அவள் வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு சிகரெட் கம்பெனி தன் புது மாதிரியை அனுப்பியிருந்தது. ஃபில்டரைச் சுற்றி வரிசையாகத் துளைகள். இழுத்தால் துளை வழியே வெளிக்காற்றும் சேர்ந்து வரும், புகை நீர்த்துப்போகும். புகைக்கும் மெஷினில் மாட்டியபோது தார் என்கிற நச்சுப் பிசின் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. மலர்விழி அதை நம்பினாள். மனிதர்கள் பிடித்தால் எப்படி என்று பார்க்க நாமக்கல் லாரிப் பட்டறையில் இருபது டிரைவர்களைச் சேர்த்தாள். ஒரு ஆள் குறைந்ததற்கு, அங்கே லாரி ஓட்டிய தன் அண்ணன் காளிதாஸையே போட்டாள்.

அங்கேதான் புத்தி கெட்டுப்போனாள். இருமலுக்குப் பயந்து அவன் ஒரு நாளைக்கு இரண்டு என்று குறைத்திருந்தான். பொங்கலோடு விட்டுவிடுவதாக அண்ணியிடம் சத்தியமும் செய்திருந்தான். "இது கெடுதல் கம்மிங்கண்ணா" என்று சொன்னவள் இவள்தான்.

மத்தியானமே பட்டறைக்குப் போய்விட்டாள்.

"ஏனுங்கண்ணா, இந்த டேப்பு யாரு ஒட்டுனது?"

"நாந்தான் அம்மிணி. அத்தனையும் ஓட்டையா வந்திருக்குது. இழுத்தா வெறுங்காத்துதான். உன்ற கம்பெனிக்காரன் பாக்காம அனுப்பிச்சுட்டானாட்ட இருக்குதுன்னு, எல்லாத்துக்கும் நானே பஞ்சர் ஒட்டிக் குடுத்தேன்." அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"அது வேணும்னே போட்ட ஓட்டைங்கண்ணா!"

"ஓட்டைய வேணும்னே எவன் போடுவான்?"

"இப்ப நாளைக்கு எத்தனை பிடிக்கறீங்க?"

"ஒரு பன்னெண்டு இருக்கும். நீதான கெடுதல் கம்மின்னு சொன்ன?"

தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. அண்ணன் பேசிக்கொண்டே ஒன்றைப் பற்றவைத்தான். லாரிக்காரர்கள் பிடிக்கிற விதமே தனி. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில் சொருகி, கையை மூடி, கட்டைவிரல் பக்கம் வாய் வைத்து இழுத்தான். டேப்பே இல்லாவிட்டாலும் துளைகள் விரலுக்குள் அடைபட்டுத்தான் கிடக்கும்.

திரும்பி வந்து டேப் இல்லாத எட்டுத் துண்டுகளையும் பார்த்தாள். காற்று கலந்திருந்தால் ஃபில்டர் நுனியில் நடுவில் மட்டும் கறை இருக்கும், ஓரம் வெள்ளையாக நிற்கும். ஆறு துண்டுகளில் ஓரம் வரை காப்பிக்கொட்டை நிறம். 'கையில் பிடித்தால் துளை அடைபடுகிறது. தார் குறையவில்லை' என்று எழுதி மேலாளர் நந்தகுமாரிடம் நீட்டினாள்.

"டேப் ஒட்டினது தப்பான உபயோகம். கணக்குலேருந்து எடுத்துடுங்க" என்றார்.

"ஒட்டாததும் அப்படித்தான் இருக்குது சார்."

"அது தப்பாப் பிடிச்சது."

"அப்பச் சரியாப் பிடிக்கறது யாரு சார்?"

"மெஷின்" என்றார் அவர், சிரிக்காமல்.

அதற்கு மேல் அவளுக்குப் பொறுக்கவில்லை. டேப் கதை, விரல் கதை எல்லாவற்றையும் எழுதி, படத்தோடு நேராகக் கம்பெனிக்கே அனுப்பிவிட்டாள். வேலை போனால் போகட்டும் என்றிருந்தாள். வேலை போகவில்லை. ஒரு மாதம் கழித்துப் பாராட்டுக் கடிதம் வந்தது, கூடவே திருத்திய மாதிரி ஒரு பெட்டி. ஃபில்டரில் துளையே காணோம். ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டாள். பிறகு லென்ஸை வைத்துப் பார்த்தாள். அதே இடம், அதே வரிசை. ஊசி முனையை விடச் சின்னதாக, கண்ணுக்குத் தெரியாமல் துளைகள் இருந்தன. இனி யாரும் டேப் ஒட்டமாட்டார்கள். விரலைப் பற்றி அவள் எழுதியதற்குக் கடிதத்தில் ஒரு வரிகூடப் பதில் இல்லை.

இந்தப் புது மாதிரியைக் கம்பெனிக்காரர்கள் டிரைவர்களுக்கும் நேராகவே அனுப்பிவிட்டார்களாம். அடித்துப்பிடித்துப் பட்டறைக்கு ஓடினாள்.

"வா அம்மிணி!" காளிதாஸின் மூடிய கைக்குள் புதுச் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது. "நீ சொன்னதக் கேட்டுட்டாங்க பாரு. ஒரு ஓட்டை இல்ல. இனிப் பொங்கலுக்கு விடோணும்னு இல்லேன்னு உங்கண்ணிகிட்டயும் சொல்லிப்போட்டேன்."

"நான் சொன்னது தப்புங்கண்ணா. என்னை நம்பாதீங்க."

"உன்னைய நம்பாம யார நம்பறது?" இருமி முடித்துவிட்டு, அடுத்ததைப் பற்றவைத்தான்.