பச்சைக் குளிசையும் பூக்குழியும்

என் வீட்டுக்காரர் வீரய்யா தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கிறவர். நான் காலையிலிருந்து மாலைவரை மலையில் கொழுந்து கிள்ளுகிறவள். எங்கள் வீட்டுக்கே ஒருத்தன் தேயிலையைக் குளிசை மாத்திரையாக்கிப் போத்தலில் அடைத்துக் கொண்டுவந்து, மருந்து என்று சொல்லி விற்றுவிட்டுப் போனான். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

விற்றவன் அந்நியன்கூட இல்லை. என் நாத்தனார் மகன் திலக்ஷன்தான், அட்டன் டவுனில் டை கட்டிக்கொண்டு திரிகிறவன்.

"மாமா, இது பச்சைத் தேயிலைச் சத்து. வெளிநாட்டுல எல்லாரும் இதத்தான் முழுங்குறாங்க. ஒங்க சீனி வருத்தம் இருந்த எடம் தெரியாமப் போயிரும். ஆஸ்பத்திரி குளிசைய மொதல்ல நிப்பாட்டுங்க."

"ஏங்க, இது நம்ம மலையில மொளைக்கிறதுதானே?" என்று கேட்டேன்.

"மெசின்ல போட்டு எடுத்த சத்துடி. ஒனக்கு என்னா தெரியும்?" என்றார்.

எனக்கு ஒன்றும் தெரியாதுதான். ஆனால் கிளினிக் டொக்டர் சொன்னது மட்டும் காதிலேயே நின்றது. ரத்தத்தில் சீனி கூடினால் பாதத்தில் உணர்ச்சி செத்துப்போகுமாம். சின்னப் புண் வந்தாலும் காலையே எடுக்க வேண்டி வருமாம். அதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வறண்டது. மனிதர் மூன்று வேளையும் பச்சைக் குளிசையைத்தான் விழுங்கினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாரியம்மன் திருவிழா வந்தது. வழக்கம்போலத் தீ மிதிக்கக் காப்புக் கட்டிக்கொண்டார்.

"இந்த வருசம் வேணாங்க."

"சாமி காரியத்துல வாய வைக்காத."

வேறு வருடங்களில் பூக்குழியில் இறங்கினால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடி, அந்தப் பக்கம் வெட்டியிருக்கும் பால் குழிக்குள் காலை வைப்பார். இந்த வருடம் கடைக்குப் போகிறவர் மாதிரி நெருப்பின் மேல் ஆற அமர நடந்து வந்தார். பொம்பளைகள் குலவை போட்டார்கள். நான் மஞ்சள் தண்ணிச் செம்பைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"சூடே தெரியலடி லெச்சுமி!" என்று அங்கிருந்தே கத்தினார்.

திலக்ஷன் சும்மா இருப்பானா? பால் குழிக்குக்கூட விடாமல் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கோயில் படியில் உட்காரவைத்துப் படம் எடுத்தான். கையில் கோயில் மைக்கையும் கொடுத்தான்.

"சொல்லுங்க மாமா, எதுனால இந்தத் தெம்பு?"

"ஆத்தா புண்ணியம் பாதி, இந்தக் குளிசை பாதி," என்று தொடங்கினார் இவர். கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. போத்தல் எங்கே கிடைக்கும் என்று பின்னால் ரெண்டு பேர் விசாரிக்கவும் தொடங்கிவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பயலின் டையைப் பிடித்து இழுத்திருப்பேன். ஆனால் கால் முக்கியம். மஞ்சள் தண்ணிச் செம்போடு கீழே உட்கார்ந்து, அவர் வலது பாதத்தை மடியில் தூக்கி வைத்தேன்.

பெருவிரல் இடுக்கில் கறுப்பாக ஏதோ செருகிக் கிடந்தது. சாம்பல் என்று நினைத்துப் பிடுங்கினேன்.

"ஐயோ அம்மா!"

நான் கையை உதறிய வேகத்தில் அந்த நெருப்புக் கங்கு படியில் விழுந்து உருண்டது. உள்ளே இன்னும் சிவப்பாக இருந்தது. என் விரல் நுனி தோல் உரிந்து எரிந்தது.

அவர் பேச்சை நிறுத்திவிட்டுப் பதறிப்போய் என்னைக் குனிந்து பார்த்தார்.

"என்னடி, எதுல சுட்டுக்கிட்ட?"

வாய்க்கு நேரே மைக் இருந்தது. அவர் கேட்டது கோயில் முழுக்கக் கேட்டது.