களிமண் ஆடும் முதல் சிரிப்பும்

என் மகள் லடோனாவுக்கு மூன்று மாதம் ஆகப் போகிறது, இன்னும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. எங்கள் நவஹோ ஜனங்களில், குழந்தையை முதலில் சிரிக்க வைத்தவர்தான் விருந்து வைத்து, குழந்தையின் கையால் எல்லோருக்கும் உப்புக் கொடுக்க வேண்டும். அவர் குணம்தான் பிள்ளைக்கும் வரும். கண்டவர்களிடம் அதை விட்டுவிட முடியுமா? லவோன் பெரியம்மா சனிக்கிழமை வருவதாக இருந்தது. அவளுக்குக் கையும் தாராளம், வாயும் தாராளம். அதுவரை பிள்ளையிடம் யாரும் பல்லைக் காட்டக் கூடாது என்று வீட்டில் சட்டமே போட்டிருந்தேன்.

எனக்குப் பயமெல்லாம் அண்ணன் எல்வினால்தான். மனைவி விட்டுப்போனதிலிருந்து அவன் எந்த விசேஷத்துக்கும் போவதில்லை. ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து களிமண் பொம்மை பிடிப்பான். சுடமாட்டான், வெயிலில் காயவைத்து நிஜ ஆட்டு மயிரை ஒட்டுவான். பொம்மைகளிடம் முணுமுணுப்பதில் கால்வாசி எங்களோடு பேசினால் போதும்.

வியாழக்கிழமை நான் வாசலில் ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தேன். தொட்டில் பலகையில் பிள்ளையைக் கட்டி மர நிழலில் சாய்த்திருந்தேன். எல்வின் வந்து, அவள் எதிரே தரையில் ஒரு பொம்மைக் கிடாவை வைத்துவிட்டுத் திரும்பினான். பட்டியிலிருந்து தப்பி வந்த எங்கள் கிழட்டு வெள்ளாடு அதை மோந்து பார்த்தது, தும்மியது, பின்வாங்கி ஒரே முட்டு. பொம்மை குட்டிக்கரணம் போட்டது. அதன் தாடி வெள்ளாட்டின் மூக்கில் ஒட்டிக்கொண்டது.

லடோனா கலகலவென்று சிரித்தாள்.

"போச்சு" என்றேன்.

என் கணவன் லைலுக்கு எல்லாமே வேடிக்கைதான். "மச்சான் எங்க சிரிக்க வெச்சாரு? ஆடுதானே. அதையே விருந்து வைக்கச் சொல்லு. உப்புன்னா அதுக்கும் உயிரு."

நான் அதையே பிடித்துக்கொண்டேன். "ஆமாண்ணே, ஆடுதான். நீ கவலப்படாத."

எல்வின் பொம்மையை எடுத்து மண்ணைத் தட்டினான். "இது நான் செஞ்சது. அவ சிரிக்கட்டும்னுதான் செஞ்சேன்."

"எல்லாரும் வருவாங்கண்ணே. ஒவ்வொருத்தர் மூஞ்சியா பாத்து உப்பு குடுக்கணும்."

"தெரியும். என் கிடாய அறுத்துக்கலாம்." வெள்ளாட்டின் மூக்கிலிருந்து தாடியைப் பிய்த்தெடுத்தான். "அவ என்னை மாதிரி ஆயிடுவான்னு உனக்குப் பயம். எனக்கும்தான். அதுக்காக, சிரிச்சது என்னாலதான்னு சொல்லாம இருப்பேனா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ரொட்டி கருகியதைக்கூடக் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விருந்தில் லவோன் பெரியம்மாதான் வரிசையில் முதல் ஆள். எல்வின் பிள்ளையை மடியில் வைத்து, அவள் குட்டிக் கையைத் தன் கையில் ஏந்தி, ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் உப்பு வைத்தான். யாரையும் முகம் பார்க்காமல் விடவில்லை. என் முறை வந்தது. உப்பை நாக்கில் வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இவ உன்ன மாதிரியே வரட்டும்ணே" என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "சரி, நகரு. பின்னால ஆளுங்க நிக்கறாங்க."