பக்கத்து வீட்டு ஷவர்

பக்கத்து வீட்டு வாலாம்பாள் மாமி புது கீசர் மாட்டிய பதினோராம் நாள், கீதாவின் குளியலறை வாளியில் முக்கால்வாசி நிறைந்திருந்த வெந்நீர், வந்த குழாய் வழியாகவே மேலே ஏறித் திரும்பிப் போனது. காலை ஏழேகால் மணி. மாதுங்காவில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சி மாடி. கடைசிச் சொட்டு போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஈரம் படாத துண்டோடு வெளியே வந்து கணவர் பஞ்சாபகேசனிடம் சொன்னாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், இனிமேல் வாளிக்கு மூடி போட்டு வை என்றார். மறுநாள் போட்டாள். மூடி மட்டும் மிஞ்சியது.

இரண்டு வீட்டுக்கும் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து ஒரே குழாய்தான் இறங்குகிறது. தொட்டி தலைக்கு மேலேயே இருந்தால் தண்ணீருக்கு ஏது வேகம்? கீழ்வீடுகளில் கொட்டும், உச்சி மாடியில் நூல் மாதிரி இறங்கும். முப்பது வருஷமாக இரண்டு வீட்டிலும் ஒரே நூல்தான், ஆகையால் யாருக்கும் மனக்குறை கிடையாது. அப்புறம் மாமியின் பழைய கீசர் ஒழுக ஆரம்பித்தது. தாராவியிலிருந்து பிளம்பர் கணேசபாண்டியன் வந்து, கீசரை மட்டும் மாற்றிப் புண்ணியமில்லை என்று சுவருக்குள் ஓடிய இரும்புக் குழாயை ஒரு துண்டு வெட்டிக் காட்டினார். உள்ளே துருவும் உப்பும் அடைத்து, பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி. அதை எடுத்துவிட்டுப் பெரிய பிளாஸ்டிக் குழாயாகப் போட்டார். அன்றிலிருந்து மாமி ஷவரில் குளித்தாள். இரண்டு குளியலறைக்கும் நடுவே ஒற்றைச் சுவர். கீதா அதில் காதை வைத்துக் கேட்டாள். அந்தப் பக்கம் ஆடி மாதத்து மழை. போதாததற்கு மாமி பாட்டு வேறு பாடினாள்.

கீதா சும்மா இருப்பவளா? மாமியுடையதைவிடப் பெரிய கீசர் வாங்கினாள், அதைவிடப் பருமனான குழாய் போட்டாள், ஒரு பம்ப், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஷவர். ஒவ்வொன்றாகச் சேரச் சேர இங்கே தண்ணீர் குறைந்தது, அங்கே பாட்டு நீண்டது. கணேசபாண்டியன் மூன்று தடவை வந்தார். மூன்றாம் தடவை ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அரைமணி நேரம் கீதாவையே கவனித்தார்.

"கொழாயில கோளாறு ஒண்ணுமில்ல மாமி. நீங்க அடுக்களையில நின்னா தண்ணி நல்லா வருது. இந்தச் செவுத்துல காத வச்சா நின்னுருது. நீங்க எந்த வீட்ட நெனச்சுப் பொருமுதியளோ அந்த வீட்டுக்குப் போவுது, பாத்துக்கிடுங்க."

அதை நிறுத்த ஏதாவது வால்வு உண்டா என்று கீதா கேட்டாள். இன்னும் மார்க்கெட்டுக்கு வரவில்லை என்றார்.

வந்தது தீபாவளி. பெண் ஷ்ருதிக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளை நிகில் தாணேக்காரர், அவர் அம்மா ஒன்றுக்கு நான்கு கேள்வி கேட்பவள். விடியற்காலை மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைத்து வெந்நீரில் குளிக்கப் பண்ணவேண்டும். அந்த வெந்நீர்தானே அன்றைக்குக் கங்கை? எண்ணெய்த் தலையோடு மாப்பிள்ளையை உட்கார வைத்தால் அந்தப் பேச்சு பேரன் பேத்தி காலம்வரை ஓடும். கீதா ஒரு வாரம் மாமியை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். மூன்றாம் நாளே மாமி வந்து, "மாப்பிள்ளையை எங்காத்துல வந்து குளிக்கச் சொல்லேன் கீதா, ஷவர் ஜோராக் கொட்றது" என்று பிரியமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் கீதா வீட்டில் ஒரு குழாயிலும் சொட்டு இல்லை.

தீபாவளியன்று கிழக்கு வெளுக்கும்போது நிகில் கோலமிட்ட மணையில் உச்சியில் எண்ணெயோடு உட்கார்ந்திருந்தார். ஷ்ருதி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீதா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திருகினாள். காற்றுதான் வந்தது. கை தானாகச் சுவரைத் தொட்டது, காது தானாகப் போய் ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் ஷவர் சத்தம் இல்லை, பாட்டும் இல்லை. யாரோ மூச்சு விடுவது, சுவரில் காது பதித்தாற்போல அத்தனை கிட்டத்தில், கேட்டது.

"எண்ணெய் வெச்சாச்சு போலிருக்கு. அந்தப் பொண் என்னமாச் சிரிக்கறது! எம் பிள்ளை நகுலுக்கு முப்பத்தொம்பது முடியப் போறது. எங்காத்துல மட்டும் மணை போடவே இல்லையேடாப்பா."

மாமி அப்படிச் சொல்லி முடிக்கவில்லை, கீதாவின் குழாய் உறுமியது. சோப்புப்பெட்டி பறந்தது, ஷவர் தகடு தெறித்து விழுந்தது, ஆவி பறக்க வெந்நீர் நடுக்கூடம்வரை ஓடியது. நிகில் நின்ற நிலையில் நாற்பது நிமிஷம் குளித்தார். தாணேயில் இருபதாவது மாடியில்கூட இந்த வேகம் கிடையாது என்று அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

கீதா லேகியமும் ஓமப்பொடியும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மணியை அழுத்தினாள். மாமி எண்ணெய் வழியும் நெற்றியோடு கதவைத் திறந்தாள்.

"கங்கா ஸ்நானம் ஆச்சா மாமி?"

"எங்கேர்ந்து? கங்கை பூரா உங்காத்துலன்னா ஓடறது."

"எங்காத்துல வந்து குளியுங்கோளேன், ஜோராக் கொட்றது," என்றாள் கீதா, அதே பிரியத்தோடு.

மாமி வரவில்லை. அந்த வருஷம் அவள் சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் குளித்தாள்.

பிறகு அது பழகிவிட்டது. கட்டடத்துக் கூட்டத்தில் ஒரு தடவை பேச்சு வந்தபோது, நல்ல சேதி உள்ளவர்கள் மற்றவர்கள் குளித்து முடித்தபின் சொல்லவேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அடுத்த தையில் ஷ்ருதிக்கு வளைகாப்பு, மாமி விடியுமுன் குளித்துவிட்டு வந்து வளையல் அடுக்கினாள். அதற்கடுத்த ஆவணியில் ஒரு சாயங்காலம் மாமி கதவைத் தட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு, ஆனாலும் வாயை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"நகுல் விஷயமா நாளைக்கு ஒரு சேதி சொல்ல வரேன், கீதா. எட்டு மணிக்குள்ள குளிச்சு முடிச்சுடு."

மறுநாள் காலை கீதா ஏழரைக்கே குளித்து, தலை துவட்டி, வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சேதிக்காக உட்கார்ந்தாள்.