உள்ளே ஆள் வேண்டாம்

கார்த்திகேசுவின் முகத்தைவிட அவன் குரல்தான் எனக்கு அதிகப் பழக்கம். கிள்ளானில் சமையல் எண்ணெய்க்கு எவர்சில்வர் தொட்டி செய்யும் பட்டறையில் நாங்கள் ஜோடி. தடித்த தகடுகளை டிக் வெல்டிங்கில் ஒரு பக்கமிருந்து ஒட்டினால் சூடு மறுபக்கம்வரை இறங்காது. அதனால் அவன் வெளியே, நான் தொட்டிக்குள்ளே. ஒரே இணைப்பை இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் கீழிருந்து மேலே உருக்கிக்கொண்டு போவோம். ஒருவன் முந்தினாலும் பிந்தினாலும் வேலை கெட்டது. அதற்காகத்தான் பேச ஆரம்பித்தோம். "ஏறுங்க அண்ணே", "இருடா, இருடா" என்று தொடங்கிய பேச்சு, போகப்போக அவன் மகளின் பரீட்சை, மாமியாரின் மூட்டுவலி என்று வளர்ந்துவிட்டது.

என் மனைவி வள்ளியம்மா போய்ச் சேர்ந்த பிறகு பிரிக்பீல்ட்ஸில் எனக்கு ஓர் அறை, ஒரு காற்றாடி. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் வாய் திறப்பது கடைக்காரனிடம் கோப்பி கேட்க மட்டும்தான். திங்கட்கிழமைக்காக ஏங்கும் கிறுக்கன் கோலாலம்பூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தொண்ணூற்றிரண்டில் பிளாஸ்மா இயந்திரம் வந்தது. விற்க வந்தவன் டை கட்டிக்கொண்டு அளந்தான். டிக்கில் நெருப்பு விரிந்து பரவுமாம். இதில் சின்ன மூக்கு வழியாக நெருக்கி அனுப்புவதால் ஊசியாக இறங்கித் தகட்டைத் துளைக்குமாம், துளை பின்னாலேயே தானாக மூடிக்கொள்ளுமாம். தகட்டின் ஓரத்தைச் சீவ வேண்டாம், ஒரு பக்கம், ஒரே ஓட்டம். உள்ளே ஆளே வேண்டாம் என்றான், என்னைப் பார்க்காமலே. நாசமாய்ப் போனவன்.

சோதித்துப் பார்த்து, சரியில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடலாம் என்றார் எங்கள் முதலாளி தவுக்கே. கார்த்திகேசு வெளியே இயந்திரத்தை ஓட்டினான். தவுக்கேயின் தொப்பை தொட்டியின் வாயில் நுழையாது என்பதால், அடிப்பக்கம் பார்த்துச் சொல்ல நான் உள்ளே போனேன்.

கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்தேன். தலைக்கு மேலே தகட்டில் ஒரு பொட்டு வெளிச்சம் எட்டிப் பார்த்தது. ஆடாமல் அசையாமல் நகர்ந்தது. அது போன வழியெல்லாம் இணைப்பு மழமழவென்று மூடியிருந்தது. வயிறு எரிந்தது. இவ்வளவு அழகாக நான் ஒருநாளும் ஒட்டியதில்லை.

"டாலாம் மச்சாம் மனா, அய்யாவு?" உள்ளே எப்படி என்று தவுக்கே என் பேர் சொல்லிக் கத்தினார்.

ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும். என் திங்கட்கிழமைகள் எனக்கே இருக்கும். நாக்கு வரவில்லை.

"பாகுஸ், தவுக்கே." நன்றாக இருக்கிறது என்றுதான் வாயில் வந்தது.

அவர் சந்தோஷமாக விற்பனைக்காரனோடு ஆபீசுக்குப் போனார். நான் வெளியே வந்ததும் கார்த்திகேசு கையுறையைத் தரையில் அடித்தான்.

"ஏண்ணே பாகுஸ்னு சொன்னீங்க? நான் வேணும்னேதான் டார்ச்ச தகட்டவிட்டுத் தூக்கி வச்சேன்லா. டிக்கா இருந்தா அந்த உயரத்துக்கு நெருப்பு சிதறி, வேலை நாறியிருக்கும். இந்தச் சனியன் கண்டுக்கவே இல்ல!"

கையுறையைக் குனிந்து எடுத்து அவனிடம் நீட்டினேன். "எனக்காகவாடா? நான் அம்பாங் பக்கம் போயி கேட் கம்பி ஒட்டியாச்சும் பொழச்சுக்குவேன். நீ புள்ளகுட்டிக்காரன், உன் வேலைக்கு ஒலை வச்சுக்காத."

"உங்களுக்காகன்னு யாரு சொன்னா?" அவன் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டான். "வீட்டுல ஏழு பேரு இருக்கோம். நான் சொல்றத ஒருத்தரும் முழுசா கேட்டதில்ல. இனிமே நான் யார்கிட்ட பேசறது?"

அதுவரை அது என் ஒருவனுடைய கேள்வி என்றுதான் நினைத்திருந்தேன்.